கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்கட்டும்!

வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் வருவது மேல்பட்டாம்பாக்கம். என் அக்கா வீடு அங்கேதான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் படிப்புக்காக என்று சொல்லி, தவணை முறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். முதல் வேலையாக என்னைத்தான் கூப்பிட்டார்கள். "அடுத்த வாரம் இவளுக்கு இங்கிலீஷ் பரீட்சை. இதை வச்சு ஏதாவது பண்ணுடா" என்றார் அக்கா.

நானும் பண்ணினேன். ஆங்கில இலக்கணம் பற்றிய வீடியோக்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பாடப்புத்தகத்தின் பைலைத் திறந்து கொடுத்தேன். ஐந்து நாட்கள் மாலையில் இரண்டு மணி நேரம் அவள் பார்த்தாள், படித்தாள். தேர்வு முடிந்து விடைத்தாள் வந்தது. 60-க்கு 23. "மாமா, வீடியோல பாத்தப்ப எல்லாமே தெரிஞ்சுது. பேப்பரப் பாத்தப்ப ஒண்ணுமே வரல" என்றாள்.

தப்பு அவளிடம் இல்லை, என்னிடம்தான். கம்ப்யூட்டரை நான் டிவியாக மாற்றியிருந்தேன். டிவி காட்டும், நாம் பார்ப்போம். ஆனால் தேர்வில் யாரும் எதையும் காட்டப் போவதில்லை. கேட்பார்கள், நாம்தான் நினைவிலிருந்து எடுத்து எழுத வேண்டும். எனவே கம்ப்யூட்டரும் கேட்க வேண்டும், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். அடுத்த தேர்வுக்கு அப்படித்தான் தயாரானோம். அந்த முறையை இப்போது பார்ப்போம். பெரிய சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. இங்கே சொல்லும் எல்லாப் பயிற்சிகளையும் இலவசமாகவே செய்யலாம்.

நடுநிலை வகுப்பில் ஏன் இவ்வளவு கவனம்?

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவதில்லை. 5 மற்றும் 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று 2019-இல் அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். குழந்தைகளின் மீதான பயம் நீங்கியது நல்ல விஷயம்தான். ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் விட்டுப் போன ஆங்கிலம், ஏழிலும் எட்டிலும் யார் கண்ணிலும் படாமல் போகலாம். பத்தாம் வகுப்பில் 100-க்கு 35 எடுத்தே ஆக வேண்டும் என்னும்போதுதான் அது வெளியே தெரியும். அப்போது நான்கு வருடப் பாக்கியை ஒரே வருடத்தில் தீர்க்க வேண்டியிருக்கும். ஆகவே நடுநிலை வகுப்புத் தேர்வை ஒரு மருத்துவப் பரிசோதனை போல எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டுவதற்கு அல்ல, எங்கே குறை என்று கண்டுபிடிப்பதற்கு.

2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது, வகுப்பில் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்களைப் பிரித்தார்கள். எழுத்துத் தேர்வில் பொதுவாக என்னென்ன வரும்? சொற்பொருள், எதிர்ச்சொல், ஸ்பெல்லிங், இலக்கணம், பாடத்திலிருந்து கேள்வி பதில், பத்தியைப் படித்துப் பதில் எழுதுதல், கடிதம் அல்லது கட்டுரை. இந்த ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி செய்யலாம்.

படிப்பது வேறு, நினைவுகூர்வது வேறு

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள்.

என் அக்கா மகளுக்கு நடந்ததும் இதுதான். பார்த்தவுடன் தெரிந்தது போல இருந்தது. நாள் ஆனபோது போய்விட்டது. இனி செய்முறைக்கு வருவோம்.

பயிற்சி 1: சொற்களுக்கு ஒரு தேர்வு அட்டவணை

இதற்கு எக்செல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அதிலுள்ள கால்க் என்ற புரோகிராம் எக்செல் போன்றதுதான். அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பை வைத்திருப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம். லினக்ஸிலும் இயங்கும்.

முதலில் தமிழில் டைப் செய்ய வழி செய்வோம். விண்டோஸ் 10 அல்லது 11-இல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கீபோர்டு பட்டியலில் தமிழ் போனடிக் என்பதைத் தேர்வு செய்யுங்கள். அம்மா என்பதற்கு ஆங்கில எழுத்துகளில் உச்சரிப்பை டைப் செய்தால் தமிழில் வரும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

இப்போது அட்டவணை.

1. முதல் வரிசையில் தலைப்புகள். ஏ காலத்தில் "பொருள்", பி காலத்தில் "சரியான சொல்", சி காலத்தில் "என் பதில்", டி காலத்தில் "முடிவு".

2. இரண்டாம் வரிசை முதல், ஏ காலத்தில் தமிழ்ப் பொருளையும் பி காலத்தில் அதற்கான ஆங்கிலச் சொல்லையும் டைப் செய்யுங்கள். ஒரு பாடத்துக்கு 20 சொற்கள் போதும்.

3. டி2 கட்டத்தில் இந்த ஃபார்முலாவைக் கொடுங்கள்:

=ஐஎஃப்(எக்ஸாக்ட்(பி2,சி2),"சரி","தவறு")

ஐஎஃப், எக்ஸாக்ட், பி, சி ஆகியவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். என்டர் கீயை அழுத்துங்கள்.

4. டி2 கட்டத்தின் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கடைசிச் சொல் வரை கீழே இழுங்கள். எல்லா வரிசைக்கும் ஃபார்முலா வந்துவிடும். பதில் எழுதாத இடங்களில் "தவறு" என்றே காட்டும். பயப்பட வேண்டாம்.

5. பி காலத்தின் தலையில் ரைட் கிளிக் செய்து, ஹைட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். விடைகள் மறைந்துவிடும்.

அவ்வளவுதான். பிள்ளை தமிழ்ப் பொருளைப் பார்த்து ஆங்கிலச் சொல்லை சி காலத்தில் டைப் செய்யட்டும். சரியா தவறா என்று உடனே தெரியும். "பிலீவ்" என்ற சொல்லில் ஐ முதலில் வருமா ஈ முதலில் வருமா என்று ஊகித்துத் தப்பிக்க முடியாது.

இங்கே எக்ஸாக்ட் எதற்கு? பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் அது கவனிக்கும். கிழமைகளின் பெயரைச் சின்ன எழுத்தில் தொடங்கினால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார் அல்லவா? கம்ப்யூட்டரும் குறைக்கட்டும். ஆனால் சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருந்தாலும் "தவறு" என்றுதான் வரும். சரியான சொல்லுக்குத் தவறு வந்தால் முதலில் அதைப் பாருங்கள். கால்க் தொகுப்பு முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக மாற்றினால், டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் சென்று அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

தவறிய சொற்களை மட்டும் வேறு ஷீட்டுக்குக் காப்பி செய்து மறுநாள் மீண்டும் கேளுங்கள். சரியானவற்றை மூன்று நாள் கழித்துக் கேட்டால் போதும். தெரியாததை அடிக்கடி, தெரிந்ததை எப்போதாவது என்பதுதான் கணக்கு.

பயிற்சி 2: கம்ப்யூட்டர் சொல்ல, பிள்ளை எழுத

வீட்டில் ஆங்கிலம் வாசித்துக் காட்ட ஆள் இல்லையே என்ற கவலை பல பெற்றோருக்கு உண்டு. விண்டோஸுடன் வரும் எட்ஜ் பிரவுசர் இந்தக் குறையைப் போக்கும். அதில் ரீட் அலவுட் என்ற வசதி இருக்கிறது.

பாடநூலின் பிடிஎஃப் பைலைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த பைலில் ரைட் கிளிக் செய்து, ஓபன் வித் மூலம் எட்ஜில் திறங்கள். மேலே ரீட் அலவுட் பட்டன் தெரியும். அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் வாசிக்கத் தொடங்கும். வாய்ஸ் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் வேகத்தைக் குறைக்கலாம். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் நீரஜா, பிரபாத் என்ற இந்திய ஆங்கிலக் குரல்களும் கிடைக்கும். நம் காதுக்கு அவை பழகியதாக இருக்கும்.

பக்கம் படமாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால் வாசிக்காது. அப்போது தேவையான பத்து வாக்கியங்களை மட்டும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் டைப் செய்யுங்கள். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் கொடுத்து சேவ் செய்து, அந்த பைலை எட்ஜில் திறங்கள்.

முக்கியமான விஷயம், வாசிக்கும்போது பிள்ளை திரையைப் பார்க்கக் கூடாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நோட்டில் பேனாவால் எழுதட்டும். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் பாஸ் பட்டனை நீங்கள் அழுத்துங்கள். முடித்த பிறகு திரையுடன் ஒப்பிட்டு, பிழையை அவர்களே சிவப்பு மையில் திருத்தட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இந்தப் பயிற்சியை நடத்திவிடலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடத் தெரிந்தால் போதும். என் அக்கா பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். இதை அவரேதான் நடத்தினார்.

வாசிப்புப் பயிற்சிக்கு விண்டோஸிலுள்ள சவுண்ட் ரெக்கார்டரைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10-இல் இதன் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர். பிள்ளை ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யட்டும். பிறகு கம்ப்யூட்டர் வாசிப்பதைக் கேட்டு, தன் குரலையும் போட்டுக் கேட்கட்டும். எங்கே தடுமாறினோம் என்று தானே கண்டுபிடிக்கும்.

பயிற்சி 3: சிவப்புக் கோட்டை மறைத்து வையுங்கள்

கடிதம், கட்டுரை எழுதிப் பழக ரைட்டர் அல்லது வேர்டு நல்ல இடம். ஆனால் தவறாக டைப் செய்தால் சொல்லின் கீழே சிவப்பு நெளிகோடு வந்துவிடும். ரைட் கிளிக் செய்தால் சரியான விடையையும் காட்டிக் கொடுத்துவிடும். தேர்வு அறையில் சிவப்புக் கோடு வராது!

லிப்ரே ஆபீஸில் ஷிப்ட் கீயுடன் எஃப்7 அழுத்தினால் நெளிகோடு மறையும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் சென்று, டைப் செய்யும்போதே ஸ்பெல்லிங் பார்க்கும் வசதியின் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பிள்ளை முழுக் கடிதத்தையும் முடித்த பிறகு அதை மீண்டும் இயக்குங்கள். சிவப்புக் கோடுகளை எண்ணி, தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். முதல் நாள் 14, நான்காம் நாள் 6 என்று குறைவதைப் பார்ப்பது பிள்ளைக்கு ஒரு விளையாட்டு போலாகிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மொழியை இங்கிலீஷ் யூகே என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "கலர்" என்ற சொல்லில் நம் புத்தகத்தில் உள்ள யூ எழுத்தைத் தவறு என்று காட்டலாம், ஏனென்றால் அமெரிக்கர்கள் அந்த எழுத்தைப் போடுவதில்லை. இரண்டு, "ஃப்ரம்" என்று எழுத நினைத்து எழுத்து இடம் மாறி "ஃபார்ம்" என்று வந்துவிட்டால் சிவப்புக் கோடு பெரும்பாலும் வராது. இரண்டுமே ஆங்கிலச் சொற்கள்தானே! அதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

பயிற்சி 4: நம் ஊரிலிருந்தே கேள்வித்தாள்

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹாட் பொட்டேட்டோஸ் என்ற புரோகிராம் 2009 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் ஜேகுளோஸ் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளையும், ஜேமிக்ஸ் கலைந்த சொற்களை வரிசைப்படுத்தும் கேள்விகளையும் தயாரித்துத் தரும்.

ஜேகுளோஸைத் திறந்து ஒரு பத்தியை டைப் செய்யுங்கள். மறைக்க வேண்டிய சொல்லை மவுஸால் செலக்ட் செய்து, கேப் பட்டனை அழுத்துங்கள். இப்படி எட்டுப் பத்து சொற்களை மறைத்தபின் வெப் பேஜாக மாற்றி சேவ் செய்யுங்கள். அந்தப் பக்கம் பிரவுசரில் திறக்கும். பதில்களை நிரப்பிச் செக் பட்டனை அழுத்தினால் மதிப்பெண்ணைக் காட்டிவிடும். இதற்கு இன்டர்நெட் இணைப்பும் தேவையில்லை.

பத்திக்கு எங்கே போவது? பாடநூல் பத்திகளை முதலில் போடுங்கள். பிறகு புதுப் பத்திகள் வேண்டும். தேர்வில் வரும் வாசித்தறியும் பத்தி புத்தகத்தில் இல்லாததாகவும் இருக்கலாம் அல்லவா? நாங்கள் எங்கள் பக்கத்துச் செய்திகளையே ஆங்கிலத்தில் எழுதினோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது, அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரிந்தது, 1956-இல் நெய்வேலி நிறுவனம் உருவானது. இந்த மூன்று வாக்கியங்களிலேயே யார், எப்போது, எங்கே, என்ன என்று நான்கு கேள்விகள் கேட்டுவிடலாம். கூடவே கடந்த கால வினைச்சொற்களும் வந்துவிடும்.

செயப்பாட்டு வினைக்கு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை கை கொடுத்தது. கரும்பிலிருந்து சர்க்கரை தயாரிக்கப்படுகிறது என்பதற்கு "சுகர் இஸ் மேட் ஃப்ரம் சுகர்கேன்". இதில் "இஸ்", "மேட்", "ஃப்ரம்" மூன்றையும் மறைத்து வைத்தோம். ஒப்பிட்டுச் சொல்வதற்குப் பண்ருட்டி பலாப்பழம். பலா மாம்பழத்தைவிடப் பெரியது, பலா மிகப் பெரியது என்று இரண்டு வாக்கியம். தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது பிள்ளையின் கவனம் மொழியில் மட்டும் இருக்கும். பொருள் புரியவில்லை என்ற தடை இருக்காது. நீங்கள் மதுரையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்தால் உங்கள் ஊரை எழுதுங்கள்.

ஏஐ இருக்கிறதே, அது போதாதா?

இப்போது சாட்பாட்களிடம் ஒரு வரி கேட்டால் முழுக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அதைப் பார்த்து எழுதினால் என் பழைய தவறைத்தான் நீங்களும் செய்வீர்கள். கடிதத்தைக் கேட்காதீர்கள், கேள்வியைக் கேளுங்கள். "ஏழாம் வகுப்பு மாணவிக்குக் கடந்த காலம் பற்றிப் பத்துக் கேள்விகள் கொடு, விடைகளைத் தனியாகக் கடைசியில் கொடு" என்று கேட்கலாம். விடையை ஒரு முறை பாடநூலிலோ அகராதியிலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள். இவையும் சில நேரம் தவறைத் தன்னம்பிக்கையோடு சொல்லும்.

ஏழு நாள் திட்டம்

நாள் ஒன்றுக்கு 40 நிமிடம் போதும்.

முதல் நாள்: சொல் அட்டவணை தயாரித்து முதல் தேர்வு.
இரண்டாம் நாள்: தவறிய சொற்கள், பத்து வாக்கிய டிக்டேஷன்.
மூன்றாம் நாள்: இலக்கணத்துக்குக் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி.
நான்காம் நாள்: சிவப்புக் கோடு இல்லாமல் ஒரு கடிதம், முழுச் சொல் அட்டவணை மறுபடியும்.
ஐந்தாம் நாள்: உங்கள் ஊர்ப் பத்தியைப் படித்துக் கேள்வி பதில்.
ஆறாம் நாள்: கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு, பேப்பரில் நேரம் வைத்து ஒரு முழுத் தேர்வு.
ஏழாம் நாள்: அதில் விட்டவற்றை மட்டும் பார்த்துவிட்டு, நேரத்தோடு தூக்கம்.

ஆறாம் நாளைத் தவற விடாதீர்கள். தேர்வு எழுதப்போவது கீபோர்டில் அல்ல, பேனாவில். விரல் டைப் செய்து பழகிய ஸ்பெல்லிங் கைக்கு வரத் தடுமாறும். கையெழுத்து வேகமும் அப்படித்தான்.

அக்கா மகள் அடுத்த பருவத்தில் 60-க்கு 41 வாங்கினாள். முதல் மதிப்பெண் ஒன்றும் இல்லை. ஆனால் விடைத்தாள் வந்த அன்று மாலை அவளே சொல் அட்டவணையைத் திறந்து, அடுத்த பாடத்தின் சொற்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். பி காலத்தை அவளேதான் ஹைட் செய்தாள்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இன்றே 20 சொற்களோடு தொடங்குங்கள்.